எதிர்க்கட்சி அண்ணை

முன்னால் அண்ணை, பின்னால் எதிர்க்கட்சி. ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய மல்வேர்னில், எங்கள் வரிசை வீடுகளில் அவரை அப்படித்தான் அழைத்தார்கள். அது அவருக்கும் தெரியும். யாராவது வாய் தவறித் தொலைபேசியில் "எதிர்க்கட்சி நிக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டால், "ஓம், நிக்கிறன், சொல்லுங்கோ" என்று சாதாரணமாகக் கதைக்கத் தொடங்குகிற மனிதர்.

நாலு பேர் கூடியிருந்து ஒருவரைக் குறை சொல்லத் தொடங்கினால், அந்த இடத்தில் இல்லாத அந்த ஒருவருக்காக அவர் வாதாட வந்துவிடுவார். ஆள் யார் என்பது அவருக்கு முக்கியமில்லை. தை மாதக் குளிரில் ஹீற்றரைக் குறைத்து வைத்த வீட்டுச் சொந்தக்காரன், ஓடிவந்த சனத்தைக் கண்டும் நிற்பாட்டாமல் போன பஸ் சாரதி, பந்தியில் சோறு போதாமல் போன கலியாண வீட்டுக்காரர், எல்லோருக்கும் அவரிடம் ஒரு நியாயம் இருந்தது. "அவன்ர பக்கத்தாலயும் ஒருக்காப் பாருங்கோ" என்று தொடங்குவார். உடனே இருந்தவர்கள் "ஐயோ, தொடங்கியிட்டார்" என்று தட்டுகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போவார்கள்.

அவருடைய மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அக்கா சொல்வார்: "எமன் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டாலும், 'பாவம், இவனுக்கு இண்டைக்கு எத்தினை வீடு ஏறி இறங்க வேணுமோ' எண்டுதான் இந்த மனிசன் கேக்கும்."

அண்ணையும் என் கணவரும் ஒரே தொழிற்சாலையில் கார் இருக்கைகள் பொருத்தினார்கள். எனக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமைகளில் மாறி மாறிச் சாப்பிடப் போகிற பழக்கம். அப்படியொரு சனிக்கிழமைதான் ஸ்காபரோவில் மளிகைக்கடை வைத்திருந்த இன்னொரு நண்பர் காணிக் கதையை எடுத்தார். கத்தரிக்காயும் கறிமிளகாயும் விமானத்தில் ஏறி வருகின்றன, வருகிற வழியிலேயே பாதி வாடிவிடுகிறது, நாங்களே ஒரு நிலத்தை வாங்கி நட்டால் என்ன என்று கேட்டார். வீட்டு விலை, காணி விலை எல்லாம் விழுந்து கிடந்த காலம் அது. மூன்று குடும்பம் சேர்ந்து, அஜக்ஸைத் தாண்டி இன்னும் ஒரு மணி நேரம் கிழக்கே ஓடி, பிறகு வடக்கே திரும்பினால் வருகிற ஓர் ஊரில் தோட்டக்காணி வாங்கினோம்.

மேலே நல்ல புல்வயல். கீழே சரிந்து போனால் ஈரநிலம், அதன் நடுவே ஒரு சின்ன ஓடை. முந்திய சொந்தக்காரரின் காலத்திலிருந்தே பக்கத்துப் பண்ணைக்காரரான ஹரல்ட் அந்தக் காணியைக் குத்தகைக்கு எடுத்து, மாடுகளுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். ரோட்டோரத்துத் துண்டை மட்டும் நாங்கள் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை அவரிடமே விட்டோம்.

முதல் வருடம் கடைக்காரர் அவசரப்பட்டு மே மாதத் தொடக்கத்திலேயே மிளகாய்க் கன்றுகளை நட்டுவிட்டார். அடுத்த கிழமை உறைபனி விழுந்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது கன்றுகள் எல்லாம் அவித்த கீரைபோலக் கிடந்தன. கடைக்காரர் இந்த நாட்டையும் அதன் காலநிலையையும் ஊர்ப்பாசையில் திட்டினார். என் கணவரும் சேர்ந்து திட்டினார். எதிர்க்கட்சி அண்ணை கன்று ஒன்றைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "பனியை ஏன் பேசுறியள்? மே இருபத்துநாலுக்கு முதல் நடாதேங்கோ எண்டு இஞ்ச எல்லாரும் சொல்லுறவை. அது தன்ர நேரத்துக்குத்தான் வந்தது, நாங்கள்தான் முந்திப்போனம்" என்றார்.

"பனிக்கும் நீர்தான் வழக்காடுற அப்புக்காத்தோ?" என்று கடைக்காரர் மண்வெட்டியை எறிந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அந்த வருடக் கடைசியில்தான் சும்மா இருப்பதற்குக் காசு தரும் கதை வந்தது.

அந்த மாவட்டத்து ஓடைகளில் மாட்டுச் சாணமும் உரமும் கலந்து ஏரிக்குப் போகிறதென்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ஓடையை அண்டிய நிலத்தை உழாமல், மாடு இறக்காமல், மரமும் புதரும் தானாக வளர விட்டால் சொந்தக்காரருக்கு வருடாவருடம் ஒரு தொகை. வேலிச் செலவும் மரக்கன்றும் அவர்களுடையது. விரும்பினால் புல்வயலையும் அதில் சேர்க்கலாம். கடைக்காரருக்கு நித்திரை போய்விட்டது. அவர் சொல்லி, செய்தி மல்வேர்ன் முழுக்கப் பரவியது. கோவிலில் ஒரு அம்மா என்னைப் பிடித்து, "பிள்ளை, சும்மா கிடக்கிறதுக்கு அரசாங்கம் காசு குடுக்குதாம், மெய்யே? அப்ப என்ர மூத்தவனையும் பதியலாமோ?" என்று கேட்டார். அவர் பகிடி விட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் வீட்டு நிலவறையில் கூட்டம் நடந்தது. ஈரநிலத்தோடு மேல் வயலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் ஹரல்ட் தருகிற குத்தகையைவிடக் கூட வரும், ஒரு தலையிடியும் இல்லை என்றார் கடைக்காரர். என் கணவர் தலையாட்டினார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எதிர்க்கட்சி அண்ணை தேநீரை ஊதிக்கொண்டே கேட்டார்.

"எல்லாம் சரி. ஹரல்டின்ர மாடு வின்ரருக்கு என்னத்தைத் தின்னும்?"

"அது அவன்ர பிரச்சினை" என்றார் கடைக்காரர்.

"ஓம். அவன் இஞ்ச இல்லைத்தானே. அதான் அவன்ர பிரச்சினையை நான் சொல்லுறன்."

"எங்கட காணி ஐசே!"

"காணி எங்கட. புல்லு அவன் விதைச்சது."

வாக்குவாதம் வளர்ந்தது. கடைசியில் இரண்டு குடும்பம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். தோற்றுப்போனதில் அவருக்குக் கோபமில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "முடிவு முடிவுதான். ஆனா ரெலிபோனில சொல்லக் கூடாது. ஒரு மனிசன்ர வயலை எடுக்கிறதெண்டால் முகத்தைப் பாத்துச் சொல்லவேணும். நான் போறன்."

போவதற்கு நான் வேண்டும். 401 நெடுஞ்சாலையில் அவரால் கார் ஓட்ட முடியாது. பயம் என்று நினைக்க வேண்டாம். பின்னால் ஒரு லொறி வந்தால், அவனுக்கும் என்ன அவசரமோ என்று ஒதுங்குவார். அடுத்தவனுக்கும் ஒதுங்குவார். ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியில் போகவேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே நெடுஞ்சாலையை விட்டு இறங்கிவிடுவார்.

ஹரல்ட் வாசலுக்குக் குனிந்து வருகிற உயரம். அறுபது வயதுக்கு மேல். எங்களைச் சமையலறையில் இருத்திக் கோப்பி ஊற்றினார். ஆளுக்கொரு துண்டு, பழம் வைத்துச் சுட்ட 'பை'யும் வந்தது. அண்ணை தன் ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். ஹரல்ட் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு வெடித்தார். தவளைக்கும் நாணலுக்கும் காசு கொடுக்கிற அரசாங்கத்தைத் திட்டினார். நகரத்திலிருந்து தொப்பி வாங்குவதுபோலக் காணி வாங்க வருகிறவர்களைத் திட்டினார். கடைசியில், "அந்தக் கடைக்காரன் ஒரு நாளாவது குனிந்து இந்த மண்ணைக் கையில் எடுத்திருக்கிறானா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். நான் அண்ணையின் முகத்தைப் பார்த்தேன். தொடங்கப்போகிறார் என்று விளங்கிவிட்டது.

"யூ ஆர் றைட், சேர். பட்..."

அவருடைய ஆங்கில வசனம் எல்லாம் அப்படித்தான் தொடங்கும். கடைக்காரர் விடியக் கடை திறந்து இரவு பூட்டுகிறவர், அவர் எப்போது மண்ணைத் தொடுவது என்று கேட்டார். அந்தக் கடையை அடகு வைத்துத்தான் இந்தக் காணியில் பங்கு எடுத்தவர் என்றார். அரசாங்கத்தையும் விடவில்லை. இந்த ஓடை போய் விழுகிற ஏரித் தண்ணீரைத்தானே பிள்ளைகள் எல்லோரும் குடிக்கிறார்கள், அதை யோசிக்க ஒரு ஆள் வேண்டாமா என்றார். நான் மேசைக்குக் கீழே அவருடைய காலைத் தட்டினேன். என்ன தட்டுப்படுகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, மேலும் கதைத்தார்.

ஹரல்ட் எழுந்து கதவைத் திறந்தார். "உன்னை அனுப்பியது சமாதானத்துக்கா, சண்டைக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஐ டோன்ற் நோ, சேர்" என்றார் அண்ணை, மிக உண்மையாக.

காரில் ஏறியதும் எனக்குப் பொறுக்க முடியவில்லை. "அண்ணை, அங்க எங்களோட ஹரல்டுக்காகச் சண்டை பிடிச்சியள். இஞ்ச ஹரல்டோட கடைக்காரருக்காகச் சண்டை பிடிக்கிறியள். நீங்கள் ஆர்ர பக்கம்?"

"அங்க ஹரல்டுக்கு ஆள் இல்லை, பிள்ளை. இஞ்ச கடைக்காரருக்கு ஆள் இல்லை." பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். கொஞ்சத் தூரம் போனபிறகு, "அந்தாள் அழப் பாத்தது, கண்டனீரோ?" என்றார். நான் காணவில்லை. நான் பார்த்தது கோபத்தை மட்டும்தான்.

இந்தக் குணத்தோடு ஒரு வீட்டில் வாழ்வது லேசில்லை. அவருடைய மகள் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு சோபாவில் இருந்து அழுதாள். கணித ஆசிரியர் தன்னை வகுப்பில் வைத்து அவமானப்படுத்தியதாகவும், வீட்டில் வந்து சொன்னால் அப்பா ஆசிரியருக்காக வாதாடுகிறார் என்றும் சொன்னாள்.

"அன்ரி, ஹீ இஸ் நெவர் ஒன் மை சைட். ஒரு நாளும் இல்லை. ஆரெண்டாலும் பரவாயில்லை, நான் மட்டும் அவருக்குப் பிழை."

அக்கா எனக்கு முதல் நாள்தான் வேறு ஒரு கதை சொல்லியிருந்தார். அதை அவளிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய், அந்த ஆசிரியரின் முன்னால் இருந்து, "யூ ஆர் றைட், சேர். பட் மை டோட்டர்..." என்று தொடங்கியிருக்கிறார். அடுத்த வகுப்புக்கு மணி அடித்தும் அவர் எழும்பவில்லையாம். ஆசிரியர் கடைசியில் கையைத் தூக்கி, அவளிடம் தான் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னாராம்.

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப நான் வீட்டில இருக்கக் கூடாது. நான் இல்லாட்டித்தான் எனக்காகக் கதைப்பார்" என்று சொல்லிச் சிரிக்கத் தொடங்கினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்த அந்தச் சிரிப்பு அப்படியே அப்பாவுடையது.

பனி கரைந்த காலத்தில் அந்த ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். திட்டத்தை விளக்க மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் வந்திருந்தாள். மண்டபம் நிறையப் பண்ணைக்காரர்கள். அவர்களில் பலரும் ஹரல்டைப்போல அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்குச் செய்கிறவர்கள். நிலத்துக்காரர் காசை வாங்கிக்கொண்டு வயலைப் புதராக்கிவிட்டால் அவர்கள் மாட்டை விற்கவேண்டியதுதான். ஹரல்ட் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்ணையும் நானும் பின்னால் இருந்தோம். எங்களைத் தவிர எல்லோரும் வெள்ளைக்காரர்.

அந்தப் பெண்ணை, அவள் கொண்டுவந்த படத்தைக் காட்டவே அவர்கள் விடவில்லை. ஒருவர் எழும்பி, நீ பிறக்கமுதல் நாங்கள் உழுத நிலம் இது, உன் சம்பளத்தை முதலில் நிறுத்தவேண்டும் என்று கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். கைதட்டல் அடங்கமுதல் எனக்குப் பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது.

"யூ ஆர் றைட், சேர். பட் திஸ் லேடி..."

மண்டபம் முழுக்கத் திரும்பியது. அண்ணை, தொழிற்சாலை ஜக்கெற்றோடு நின்று, இந்தப் பிள்ளை சட்டம் போட்டவள் இல்லை, சட்டத்தைச் சொல்ல வந்தவள், இவளும் விடிய எழும்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள், கேட்டுவிட்டுத் திட்டலாமே என்றார். சில பேர் முணுமுணுத்தார்கள், ஆனால் அடங்கி இருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் மலர்ந்துவிட்டது. துணிவு வந்து, ஓடைகளை இத்தனை காலமும் பாழாக்கியது பண்ணைக்காரர்தானே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். அண்ணை இன்னும் உட்காரவில்லை.

"யூ ஆர் றைட், மேடம். பட்..."

முதலில் சிரித்தது ஹரல்ட். பிறகு மண்டபமே சிரித்தது. சிரிப்புக்குள்ளே அண்ணை தன் கேள்வியைக் கேட்டார். உங்களுக்கு வேண்டியது ஓடை, இவருக்கு வேண்டியது புல். ஓடை கீழே கிடக்கிறது, புல் மேலே நிற்கிறது. கீழே இருப்பதை நீங்கள் எடுங்கள், மேலே இருப்பதை இவர் வெட்டட்டும். இரண்டையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறீர்கள்?

அந்தப் பெண் யோசித்தாள். மேல் வயலில் குருவிகள் கூடு கட்டுகின்றன, குஞ்சுகள் பறந்தபிறகு கோடையின் நடுவில் வெட்டுவதென்றால் அதற்கும் திட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் தொகை குறையும் என்றாள். சில நாளில் சப்பாத்து மாட்டிக்கொண்டு காணிக்கே வந்தாள். அவளும் ஹரல்டும் அண்ணையும் ஈரநிலத்தின் ஓரமாக நடந்து சின்னக் கொடிகள் குத்தினார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் தன் ட்ராக்டர் அங்கே புதைவதை ஹரல்ட் அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டார். நேரம் பிந்தி வெட்டுகிற புல்லைப் பற்றி மட்டும் முறைப்பட்டார். "அது புல் இல்லை, விளக்குமாறு" என்றார். ஆனாலும் வெட்டினார். மாடுகளும் தின்றன.

எங்களுக்கு வந்த தொகை, கடைக்காரர் மனதில் கட்டி வைத்திருந்ததில் ஒரு சின்னத் துண்டு. அவர் கொதித்துப்போனார். "வெள்ளைக்காரனுக்காக எங்கட வாயில மண்ணைப் போட்டிட்டார்" என்று எல்லோரிடமும் சொன்னார். அண்ணையும் என் கணவரும் ஒத்துக்கொண்டதால் அவரால் தடுக்க முடியவில்லை. தோற்றதைவிட, என் கணவர் கட்சி மாறியதுதான் அவரைச் சுட்டது. ஆனால் கோபம் முழுக்க அண்ணையின் மேல். அண்ணை கடைக்குள் நுழைந்தால் அவர் குளிரறைக்குள் போய்விடுவார். அண்ணை மீனையும் மரவள்ளியையும் வாங்கிக்கொண்டு, குளிரறைக் கதவைப் பார்த்து "வாறன்" என்று சொல்லிவிட்டு வருவார்.

"உங்களுக்குக் கவலையில்லையோ?" என்று கேட்டேன்.

"கவலைதான். ஆனா அந்தாளின்ர இடத்தில நான் எண்டாலும் கோவிச்சிருப்பன்."

ஒரு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு ஸ்காபரோவில் ஒரு பிறந்தநாள் விழா. அண்ணை வேலையில் நின்றார், வரவில்லை. சாப்பாட்டு வரிசையில் ஒருவர் பெரிய குரலில், "உந்த எதிர்க்கட்சி சும்மா அவனுக்காக நிக்கேல்லை. வெள்ளைக்காரன் ஏதோ குடுத்திருக்கிறான்" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா அங்கேதான் நின்றார். அவருடைய முகம் கறுத்துப்போனது.

கடைக்காரர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

"ஐசே, எனக்கும் அந்தாளுக்கும் கதை பேச்சில்லை. அது எங்கட பிரச்சினை. ஆனா அந்தாள் ஆரிட்டையும் ஒரு சதம் வாங்குற ஆள் இல்லை. தெரியாட்டி வாயை மூடிக்கொண்டு சோத்தைத் தின்னும்."

அடுத்த நாள் பின்னேரம் அவர் ஒரு பெரிய விளைமீனைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு அண்ணையின் வீட்டுக் கதவைத் தட்டினார். "வைச்சால் பழுதாப் போயிடும், அதான் கொண்டந்தனான்" என்றாராம். அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். விழாவில் நடந்ததை நான் தொலைபேசியில் அண்ணைக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அது சரி பிள்ளை, வரிசையில நிண்டு அப்பிடிச் சொன்னவர்... அவருக்கும் அண்டைக்கு என்ன மனக்கஷ்டமோ..."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் அரசாங்கம் மாறியது. புதிதாக வந்தவர்கள் பல செலவுகளை வெட்டினார்கள். ஓடைக்காசும் நின்றது. இனி அந்த ஈரநிலத்தை உழுதாலும் ஒன்று, விட்டாலும் ஒன்று, கேட்க ஆளில்லை. வடிகால் வெட்டினால் அங்கே பயிர் செய்யலாம் என்று ஒரு குத்தகைக்காரன் வேறு கேட்டிருந்தான். என்ன செய்வதென்று பேச, ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் காணிக்குப் போனோம்.

கன்றுகளாக நட்ட மரங்கள் இடுப்புக்கு மேல் வந்திருந்தன. நாணலுக்குள்ளே தோளில் சிவப்புப் பொட்டு வைத்த கறுப்புக் குருவிகள் கத்தின. ஓடையில் அடி தெரிந்தது. ஹரல்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் அவர்தான் பேசினார். மாடுகள் இப்போது ஓடையில் இறங்காமல் தொட்டியில் நல்ல தண்ணீர் குடிக்கின்றன, மாட்டுக் கன்றுகளுக்கு நோய் வருத்தம் குறைந்துவிட்டது, என்னைக் கேட்டால் அப்படியே விடுங்கள் என்றார். என் கணவரும் விடுவோம் என்றார். நானும் அதையே சொன்னேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கடந்த இரண்டு கோடையாக மடக்குக் கதிரையோடு வந்து, அந்தக் கரையில் இருந்து தூங்கப் பழகியிருந்தார்.

எதிர்க்கட்சி அண்ணை தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுறியள். காசு தரேக்க விட்டம், சரி. இப்ப சும்மா விடுறதெண்டால், கடையை அடகு வைச்சவர்ர பக்கத்தாலயும் பாக்கவேணுமல்லே? உழுதால் குத்தகை வரும். அவர் வாய் திறக்காட்டியும் நான் சொல்லத்தான் வேணும்..." என்று தொடங்கி, வடிகால், வட்டி, மண் என்று நீட்டிக்கொண்டே போனார்.

கடைக்காரர் கதிரையை விட்டு எழும்பினார். "ஐசே, நிப்பாட்டும். எனக்காகத்தானே கதைக்கிறீர்? நானே சொல்லுறன். எனக்கு வேண்டாம். உது உப்பிடியே கிடக்கட்டும்."

அண்ணையின் வாய் திறந்தபடி நின்றது. கடைக்காரரைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஹரல்டைப் பார்த்தார். அக்கா தேநீர்ப் போத்தலோடு கிட்ட வந்து நின்றார், அவரையும் பார்த்தார். வாதாடுவதற்கு ஒரு ஆள் மிச்சமில்லை.

"அப்ப சரி" என்றார் மெதுவாக. "எனக்கும் கிடக்கட்டும் எண்டுதான் விருப்பம். காணி பாக்க வந்த முதல் நாளே, இதை ஒண்டும் செய்யாமல் விடவேணும் எண்டு நினைச்சனான்."

அவர் தனக்கென்று ஒன்றை விரும்பிச் சொன்னதை நாங்கள் அதுவரை கேட்டதில்லை. அக்கா போத்தலை இடுப்பில் வைத்துக்கொண்டு, "எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே மனிசா" என்றார். என்ன நடக்கிறது என்று ஹரல்ட் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் நாணலுக்குள் இருந்த குருவிகள் எல்லாம் எழும்பின.

அண்ணைக்கு வெட்கம் வந்துவிட்டது. எங்கள் ஒருவரையும் பார்க்காமல் வேலிக் கம்பியைத் தூக்கி நுழைந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடைக்கரை வழியே தனியாக நடந்துபோனார். அங்கங்கே நின்று ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தார். காணிக்குச் சொந்தக்காரர்போல அவர் அங்கே நடந்ததை நான் முதல்முறை பார்த்தது அன்றைக்குத்தான்.